ஃபார்மட் செய்வதற்கு முன் சேஃப் மோடில் ஒருமுறை

கணினி தொடங்க மறுத்தவுடன் பெரும்பாலானோர் காதில் முதலில் விழும் அறிவுரை, "ஃபார்மட் செய்துவிடுங்கள்" என்பதுதான். கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றி, வட்டை அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவி, தேவையான மென்பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து முடிப்பதற்குள் ஒரு நாள் முழுதும் போய்விடும். இவ்வளவும் செய்த பிறகு அதே கோளாறு மீண்டும் தலைகாட்டினால், காரணம் இன்னதென்று தெரியாமலேயே அத்தனை உழைப்பையும் கொட்டியிருக்கிறோம் என்றாகிவிடும். சேஃப் மோடு என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் அது கோளாறைத் தானே சரிசெய்துவிடும் என்று எண்ணி உள்ளே போய், மேற்கொண்டு என்ன செய்வதென்று புரியாமல் திரும்பி வருபவர்களே அதிகம். சேஃப் மோடு பொதுவாக எதையும் தானாகச் சரிசெய்வதில்லை. கோளாறு விண்டோஸின் அடித்தளத்தில் இருக்கிறதா, அல்லது பின்னர் அதன்மேல் வந்து சேர்ந்த ஏதோ ஒன்றில் இருக்கிறதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. அந்தப் பதிலை எப்படிப் பெறுவது, பெற்ற பின் எப்படிப் படிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பவர் பொத்தானை அழுத்தியும் திரையில் எதுவுமே வரவில்லை, பீப் ஒலி மட்டும் கேட்கிறது, அல்லது தயாரிப்பாளரின் சின்னத்தோடு எல்லாம் உறைந்துவிடுகிறது என்றால், விண்டோஸ் இன்னும் மேடைக்கே வரவில்லை. அங்கே சேஃப் மோடுக்கு வேலை இல்லை. நினைவகம், மின்வழங்கி, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அமைப்பு, இணைத்திருக்கும் சாதனங்கள் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். சின்னத்தின் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுழலத் தொடங்கிய பிறகு நின்றாலோ, நீலத் திரை வந்து மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆனாலோ, கடவுச்சொல் கொடுத்த பின் டெஸ்க்டாப் வராமல் கருந்திரை மட்டும் நின்றாலோ, அதுதான் சேஃப் மோடின் எல்லைக்குள் வரும் கோளாறு. எங்கே நின்றது, அதற்கு முந்தைய நாள் எதை நிறுவினோம், எதைப் புதுப்பித்தோம் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது. பிறகு நினைவிலிருந்து சொல்லும்போது வரிசை மாறிப்போகும்.

சேஃப் மோடில் விண்டோஸ் என்ன செய்கிறது? விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் சேஃப்பூட் என்ற பகுதியின் கீழ் இரண்டு பட்டியல்கள் இருக்கின்றன: ஒன்று மினிமல், மற்றது நெட்வொர்க். தேர்ந்தெடுத்த சேஃப் மோடுக்குரிய பட்டியலில் பெயர் இருக்கும் டிரைவர்களும் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்) சர்வீஸ்களும் (பின்னணியில் ஓடும் மென்பொருள்கள்) மட்டுமே ஏற்றப்படும். மற்றவை எல்லாம் வாசலிலேயே நிறுத்தப்படும். கிராஃபிக்ஸ் கார்டுக்கென்று அதன் நிறுவனம் எழுதிய டிரைவர் வராது. விண்டோஸோடு வரும் அடிப்படைக் காட்சி டிரைவரே திரையை இயக்கும். ஒலி இருக்காது. தொடக்கத்தில் தானாக ஓடும் மென்பொருள்கள் ஓடா. பிற நிறுவனங்களின் வைரஸ் தடுப்பு மென்பொருள்களில் பெரும்பாலானவை முழுமையாக இயங்கா. கறுப்புப் பின்னணியும், நான்கு மூலைகளிலும் சேஃப் மோடு என்ற எழுத்தும், மேலே விண்டோஸின் பதிப்பு எண்ணும் தெரிந்தால் உள்ளே வந்துவிட்டோம் என்று பொருள். வீட்டில் ஃபியூஸ் போனால் எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம் அல்லவா, அதே முறைதான் இது.

இந்த ஏற்பாடு விண்டோஸ் 95 காலத்திலேயே வந்துவிட்டது. அலுவலகங்களுக்கென்று தனியாக வளர்ந்த என்.டி. வரிசையில் அது விண்டோஸ் 2000 பதிப்பில்தான் சேர்ந்தது. கணினியைப் போட்டதும் எஃப் 8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பட்டியல் வரும் என்பது ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். ஆனால் 2012இல் வந்த விண்டோஸ் 8 தொடங்கி அந்த விசை இயல்பாக வேலை செய்வதில்லை. தொடக்கம் அவ்வளவு வேகமாகிவிட்டதால், விசையழுத்தத்துக்காக விண்டோஸ் காத்திருக்கும் இடைவெளி 200 மில்லிவினாடிக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது என்று மைக்ரோசாஃப்ட் அப்போது விளக்கியது. இன்றும் பலர் எஃப் 8ஐத் தட்டித் தட்டிச் சலித்து, சேஃப் மோடே கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது கெடவில்லை, வாசல்தான் இடம் மாறியிருக்கிறது.

உள்நுழைவுத் திரை வரையாவது கணினி வருகிறது என்றால் வழி எளிது. அங்கே மூலையில் இருக்கும் பவர் குறியைச் சொடுக்கி, ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். நீல நிறத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் டிரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்ணிட்ட பட்டியல் ஒன்று தோன்றும். 4 என்பது சாதாரண சேஃப் மோடு, 5 என்பது இணையத்தோடு கூடியது, 6 என்பது கட்டளைத் திரை மட்டும் வருவது. உள்நுழைவுத் திரைகூட வரவில்லை என்றால், விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்தி அணைக்க வேண்டும். அதை இன்னொரு முறையும் செய்தால், மூன்றாவது முறை தொடங்கும்போது விண்டோஸ் தானாகவே பழுதுபார்ப்புத் திரைக்குப் போகும். அங்கிருந்தும் டிரபிள்ஷூட் தொடங்கி அதே வழிதான். எழுதிக்கொண்டிருக்கும் வட்டை இப்படித் திடீரென்று அணைப்பது மனத்துக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். வேறு வழி இல்லாதபோது மட்டும் செய்யுங்கள். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவ் கையில் இருந்தால் அதிலிருந்தே பழுதுபார்ப்புத் திரையைத் திறக்கலாம்.

முதல் முயற்சியில் 4ஐத் தேர்ந்தெடுப்பதே என் வழக்கம். இணையத்தைச் சேர்த்தால் நெட்வொர்க் டிரைவர்களும் சேர்ந்து ஏறும், ஐயத்துக்குரிய பட்டியல் நீண்டுவிடும். 4இல் ஏறி 5இல் ஏறாமல் நின்றால், தேட வேண்டிய இடம் நெட்வொர்க் பக்கம் என்று தெரிந்துவிடும்; 5இல் தொடங்கியிருந்தால் இந்தத் தகவல் நமக்குக் கிடைத்திருக்காது.

சேஃப் மோடில் கணினி ஒழுங்காக ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸின் கருப்பகுதி, வட்டின் கோப்பு அமைப்பு, பயனர் கணக்கு ஆகியவை ஓரளவு நலமாக இருக்கின்றன என்று இதிலிருந்து தெரிகிறது. இங்கே பலர் பெருமூச்சு விட்டு உடனே ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். மீண்டும் அதே இடத்தில் நிற்கிறது. நின்றாக வேண்டும், ஏனெனில் இடையில் எதுவுமே மாறவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவரின் மடிக்கணினியில் கடவுச்சொல் கொடுத்ததும் கருந்திரையும் மவுஸ் குறியும் மட்டும் நின்றன. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தினால் அதற்குரிய திரை வந்தது, அதிலிருந்து வெளியே வந்தால் மறுபடி கருமை. சேஃப் மோடில் டெஸ்க்டாப் எந்தத் தயக்கமும் இல்லாமல் வந்தது. பயனர் கணக்கு கெட்டிருந்தால் இங்கேயும் தகராறு செய்திருக்கும். ஆகவே அதை ஒதுக்கிவிட்டு, சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தோம். காட்சிச் சாதனத்தின் பண்புகளில் டிரைவரின் தேதியைப் பார்த்தால், மற்ற டிரைவர்கள் எல்லாம் பழையவையாக இருக்க, அது மட்டும் அண்மையில் வந்ததாக இருந்தது. அதே பக்கத்தில் உள்ள ரோல் பேக் பொத்தானை அழுத்தி முந்தைய டிரைவருக்குத் திரும்பினோம். அடுத்த முறை வழக்கமான தொடக்கத்திலேயே டெஸ்க்டாப் வந்துவிட்டது. ரோல் பேக் பொத்தான் மங்கலாக இருந்தால், பழைய டிரைவர் சேமிக்கப்படவில்லை என்று பொருள். அப்போது சாதனத்தையே அன்இன்ஸ்டால் செய்து, டிரைவர் மென்பொருளையும் நீக்கும் பெட்டியில் குறியிட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யலாம். அந்தக் கணினியில் இன்னொரு மாற்றத்தையும் அதே வேளையில் செய்திருந்தோமானால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போயிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு ஒரு ரீஸ்டார்ட்: பொறுமையைச் சோதிக்கும் இந்த ஒழுங்கை விட்டுக்கொடுக்காதீர்கள்.

காரணம் ஒரு மென்பொருளாக இருக்கும்போது அதைச் சேஃப் மோடில் நீக்க முயன்றால், விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற செய்தி வரலாம். அந்த சர்வீஸ் மேற்சொன்ன பட்டியலில் இயல்பாக இல்லை. அதனால் அதை நம்பியிருக்கும் மென்பொருள்கள் இங்கே அன்இன்ஸ்டால் ஆகா. அப்போது விண்டோஸின் தொடக்க அமைப்புகளை மாற்றும் எம்.எஸ்.கான்ஃபிக் கருவியைத் திறந்து, சர்வீஸ்கள் பக்கத்தில் மைக்ரோசாஃப்டின் சர்வீஸ்களை மறைக்கும் பெட்டியில் குறியிட்டுவிட்டு, மீதமுள்ளவற்றை முடக்கலாம். தானாகத் தொடங்கும் மென்பொருள்களை டாஸ்க் மேனேஜரில் முடக்கலாம். இதற்குப் பிறகு வழக்கமான தொடக்கம் நடந்தால், முடக்கியவற்றில் பாதியை மட்டும் இயக்கிப் பார்க்க வேண்டும். கோளாறு திரும்பினால் குற்றவாளி அந்தப் பாதியில், திரும்பாவிட்டால் மற்றப் பாதியில். இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால், முப்பது சர்வீஸ்கள் இருந்தாலும் ஐந்து ரீஸ்டார்ட்டுக்குள் ஒன்றுக்கு வந்துவிடலாம்.

கோளாறு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கியது என்றால் சேஃப் மோடுக்குப் போகாமலேயே, பழுதுபார்ப்புத் திரையில் உள்ள அப்டேட்டை நீக்கும் தேர்வை முதலில் முயலலாம். விண்டோஸை முந்தைய ஒரு தேதியின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோரும் அங்கேயே இருக்கிறது. அது உங்கள் ஆவணங்களையும் படங்களையும் தொடாது. அந்தத் தேதிக்குப் பின் நிறுவிய மென்பொருள்களும் டிரைவர்களும்தான் போகும். நல்ல கருவி என்றாலும் நான் அதைக் கடைசியாகத்தான் தொடுவேன். ஒரே வீச்சில் பலவற்றை மாற்றிவிடுவதால், எது காரணம் என்பதை அது நமக்குச் சொல்லாது.

சேஃப் மோடிலும் அதே இடத்தில் நிற்கிறது என்றால் பதில் வேறு. வட்டு, நினைவகம், கோப்பு அமைப்பு, விண்டோஸின் சொந்தக் கோப்புகள் ஆகியவற்றின் பக்கம் பார்வை திரும்ப வேண்டும். தேவையற்ற யு.எஸ்.பி. சாதனங்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு மறுபடி முயல்வது முதல் வேலை. நினைவகத்தை விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் அல்லது மெம்டெஸ்ட் 86 கொண்டு சோதிக்கலாம். வட்டின் மீது ஐயம் எழுந்தால், குறிப்பாக அது அசாதாரணமாக ஒலி எழுப்பினாலோ, கோப்புகளைத் திறக்க மிகுந்த நேரம் எடுத்தாலோ, பழுதுபார்க்கும் கருவிகளை ஓட்டுவதற்கு முன் கோப்புகளை வெளியே நகலெடுத்துவிடுங்கள். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி அதைச் செய்யலாம். பழுதுபார்க்கும் கருவிகளில் ஒன்றான செக்டிஸ்க் வட்டு முழுவதையும் படித்து, கோப்பு அமைப்பில் எழுதவும் செய்யும். தேய்ந்துபோன வட்டுக்கு அதுவே கடைசி ஓட்டமாகிவிடக்கூடும்.

விண்டோஸ் 7, அதற்கு முந்தைய பதிப்புகளில் சேஃப் மோடு ஏறும்போது கோப்புப் பெயர்கள் திரையில் வரிசையாக ஓடும். பலருடைய கணினிகள் கிளாஸ்பிஎன்பி என்ற பெயரோடு நின்றுவிடும். அந்தக் கோப்புதான் கெட்டுவிட்டது என்று கருதி அதை எங்கிருந்தாவது எடுத்து மாற்ற முயல்வார்கள். திரையில் கடைசியாகத் தெரியும் பெயர் சிக்கலின்றி ஏறி முடிந்த கோப்பாகவே இருக்கலாம், நிறுத்தியது அதற்கு அடுத்து வந்த, இன்னும் பெயர் காட்டப்படாத ஒன்றாக இருக்கலாம். இப்போதைய விண்டோஸில் அந்தப் பெயர்கள் திரையில் ஓடுவதில்லை. அதற்கு மாற்றாக ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் பட்டியலில் 2ஐத் தேர்ந்தெடுத்தால், வழக்கமான தொடக்கத்தின்போது எந்த டிரைவர் ஏறியது, எது ஏறவில்லை என்பதை விண்டோஸ் கோப்புறையில் என்.டி.பி.டி.லாக் என்ற உரைக்கோப்பில் எழுதிவைக்கும். பிறகு சேஃப் மோடில் வந்து அதைப் படிக்கலாம். நன்றாக இயங்கும் கணினியிலும் "ஏறவில்லை" என்ற வரிகள் நிறைய இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஒரு வரியை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. கணினி நலமாக இருந்தபோது எடுத்த பதிவு ஒன்று கையில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே பயன் தரும். தொடக்கத்தின் மிக ஆரம்பக் கட்டத்திலேயே கணினி விழுந்துவிட்டால் பதிவே எழுதப்படாது. அதுவும் ஒரு தகவல்தான், கோளாறு அவ்வளவு முன்னதாக நிகழ்கிறது என்று அது காட்டுகிறது.

இந்த இரண்டு பதில்களையும் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. சேஃப் மோடில் ஏறிவிட்டால் வன்பொருள் குற்றமற்றது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். கிராஃபிக்ஸ் கார்டின் முழுத் திறனையும் சேஃப் மோடு கேட்பதில்லை. கார்டு பாதி பழுதாகியிருந்தாலும் அடிப்படை டிரைவரில் திரை தெளிவாகத் தெரியும். நிறுவனத்தின் டிரைவர் ஏறி அதை முழுமையாக இயக்கத் தொடங்கும் நொடியில் கணினி விழும். டிரைவரின் இரண்டு மூன்று பதிப்புகளை மாற்றிப் பார்த்தும் ஒவ்வொன்றிலும் அதே நீலத் திரை வந்தால், டிரைவரை விட்டுவிட்டுக் கார்டைச் சந்தேகிக்க வேண்டிய நேரம் அது. குறைந்த சுமையில் நடப்பதும் சுமை ஏறினால் வீழ்வதும் மின்வழங்கிக்கும் வெப்பத்துக்கும்கூடப் பொருந்தும்.

சேஃப் மோடு உண்மையிலேயே தானாக ஒரு வேலையைச் செய்து முடிக்கும் இடம் ஒன்று உண்டு. பயாஸில் வட்டின் சாட்டா முறையை, அதாவது கணினி வட்டோடு பேசும் முறையை, ஐ.டி.இ. அல்லது ரெய்டிலிருந்து ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றிவிட்டால், தொடக்க வட்டை அணுக முடியவில்லை என்ற நீலத் திரையோடு விண்டோஸ் நின்றுவிடும். மாற்றுவதற்கு முன் அடுத்த தொடக்கம் சேஃப் மோடில் நடக்கும்படி அமைத்துவிட்டு, பயாஸில் முறையை மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏற்றி இறக்கினால், விண்டோஸ் புதிய முறைக்கான டிரைவரைத் தானே சேர்த்துக்கொள்ளும். ஆனால் எம்.எஸ்.கான்ஃபிக்கில் சேஃப் பூட் பெட்டியில் இடும் குறி, நாமாக எடுக்கும் வரை அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே கணினி ஏறும். உள்நுழையவும் முடியாத நிலையில் இது பெரிய சிக்கல். அப்போது பழுதுபார்ப்புத் திரையின் கட்டளைத் திரையிலிருந்து பி.சி.டி.எடிட் கட்டளையால் சேஃப்பூட் என்ற மதிப்பை நீக்க வேண்டும்.

மேக் கணினிகளிலும் இதே பெயரில் ஒரு முறை இருக்கிறது. இன்டெல் சில்லு உள்ளவற்றில் தொடங்கும்போதே ஷிஃப்ட் விசையைப் பிடித்திருக்க வேண்டும். ஆப்பிளின் சொந்தச் சில்லு உள்ளவற்றில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, வட்டைத் தேர்ந்தெடுத்து, பின்னர் ஷிஃப்டைப் பிடிக்க வேண்டும். லினக்ஸில் கிரப் என்ற தொடக்கப் பட்டியலில் உள்ள ரெக்கவரி தேர்வும், அதைவிட முக்கியமாக முந்தைய கெர்னலில் (இயங்குதளத்தின் கருப்பகுதி) ஏற்றிப் பார்க்கும் வசதியும் இந்த வேலையைச் செய்கின்றன. புதிய கெர்னலில் விழுந்து பழையதில் எழுந்தால் பதில் கையில் கிடைத்துவிட்டது. தொடக்கத்தில் இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்ஸ்டேப் கோப்பில் எழுதியிருக்கும் வெளிவட்டு ஒன்றைக் கழற்றிவிட்டதால் 90 வினாடி காத்திருந்து அவசரநிலைத் திரைக்குப் போகும் கணினிகளும் உண்டு. அந்த வரியில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்தால் போதும்.

2024 ஜூலை 19 அன்று இந்தப் பழைய கருவியின் அருமை உலகத்துக்கே தெரிந்தது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய சேனல் கோப்பு 291 பிழையாக இருந்ததால், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. தொடக்கத்திலேயே ஏறும் டிரைவர் அந்தக் கோப்பைப் படித்து விழுந்ததால், மறுபடி தொடங்கினாலும் பல கணினிகள் அதே இடத்தில் விழுந்தன. பிழையான கோப்பை நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் ஏற்கெனவே விழுந்த கணினிகளில் பல, திருத்தத்தைப் பெறும் அளவுக்குக்கூட எழுந்து நிற்கவில்லை. அந்த டிரைவர் சேஃப் மோடின் பட்டியலில் இல்லாததால் அங்கே விண்டோஸ் ஏறியது. தொழில்நுட்பப் பணியாளர்கள் கணினி கணினியாகப் போய், சேஃப் மோடிலோ பழுதுபார்ப்புத் திரையிலோ நுழைந்து, அந்த ஒரு கோப்பை நீக்கிவிட்டு வந்தார்கள்.

அவர்களை மிகவும் தாமதப்படுத்தியது, வட்டை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். வட்டு பூட்டப்பட்டிருக்கும் கணினிகளில் பழுதுபார்ப்புத் திரை வழியே உள்ளே போக 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளருக்கே தெரியாமல் வட்டு பூட்டப்பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து பயன்படுத்துபவர்களுக்குச் சாவி பெரும்பாலும் அந்தக் கணக்கின் வலைப்பக்கத்தில் இருக்கும். கணினி நலமாக இருக்கும்போதே அதை அங்கே தேடிப் பார்த்து, ஒரு பிரதியைத் தாளில் எழுதியோ அச்சிட்டோ வேறிடத்தில் வையுங்கள். அதே தாளில் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை நினைவுபடுத்தும் குறிப்பு ஒன்றும் இருக்கட்டும். சேஃப் மோடில் பின் எண்ணால் உள்நுழையும் வசதி 2020இல் வந்த விண்டோஸ் 10இன் 2004 பதிப்பில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்புகள் ஓடும் கணினிகளில் முழுக் கடவுச்சொல் தெரியாவிட்டால் சேஃப் மோடின் வாசலிலேயே நிற்க நேரிடும்.